பூனைக்கு இருமல், மூச்சிரைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள். அதில் செவலைக்கு ஆஸ்துமா. அது ஆஸ்துமா என்று தெரியவே எங்களுக்கு 4 மாதம் ஆனது. அதுவரை "முடி உருண்டை சிக்கியிருக்கு" என்று சொல்லிக்கொண்டு, கடையில் விற்கும் பேஸ்ட்டை வாங்கி நக்கக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கதை பரவியதிலிருந்து, பூனை வளர்க்கிற தெரிந்தவர்கள் ராத்திரி 11 மணிக்கு வீடியோ அனுப்பி "இது என்னன்னு பாருங்க" என்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். எனவே எழுதிவைத்துவிட்டேன்.

உங்கள் பூனை இந்த நிமிடம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், முதலில் கூடையில் வைத்துக் கிளம்புங்கள். மிச்சத்தை ஆட்டோவில் படித்துக்கொள்ளலாம்.

பூனைக்கு இருமல் வருமா?

வரும். ஆனால் நாயைப் போல எடுத்ததற்கெல்லாம் இருமாது. சாதாரண சளி பிடித்தால் பூனை தும்மும், மூக்கு ஒழுகும். இருமல் என்றால் பெரும்பாலும் கோளாறு இன்னும் கீழே, மூச்சுக்குழாயிலோ நுரையீரலிலோ இருக்கிறது. என்றோ ஒருநாள் தூசியை முகர்ந்து இரண்டு முறை இருமினால் விட்டுவிடலாம். வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை என்று திரும்பத் திரும்ப வந்தால் காட்டியே ஆக வேண்டும்.

இருமலா, முடி உருண்டையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நாங்கள் கோட்டை விட்ட இடம் இதுதான். இரண்டுக்கும் பூனை ஒரே மாதிரிதான் உட்காரும்: தரையோடு பதுங்கி, முழங்கையை அகட்டி, கழுத்தை முன்னால் நீட்டி. அதைப் பார்த்ததும் "வாந்தி எடுக்கப் போகுது" என்று துணியைத் தேடி ஓடுவோம்.

முடியை வெளியே தள்ளும்போது வயிறு அலை அலையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வாய் அகலத் திறக்கும், எச்சில் வடியும், ஓங்கரிக்கும். கடைசியில் சுருட்டு மாதிரி நீளமான, ஈரமான முடிக்கற்றை வந்து விழும். இருமலில் வயிற்றைவிட நெஞ்சுதான் அதிர்கிறது. "கஹ்... கஹ்... கஹ்" என்று ஐந்தாறு தடவை வறட்டுச் சத்தம் வரும். முடிந்ததும் பூனை எதையோ விழுங்கி, உதட்டை நக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல எழுந்து போய்விடும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பலமாக இருமினால் கடைசியில் கொஞ்சம் நுரையோ கோழையோ வெளியே வரலாம்.

அதனால் ஒரு கணக்கு போடுங்கள். இதுவரை எத்தனை தடவை இப்படி உட்கார்ந்தது? அதில் எத்தனை தடவை உண்மையில் முடி வந்தது? செவலை அந்த 4 மாதத்தில் முப்பது தடவையாவது அப்படி உட்கார்ந்திருக்கும். முடி வந்தது இரண்டே தடவை. அதை எண்ணிப் பார்த்த அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

அடுத்த முறை துணியை எடுக்கும் முன் போனை எடுத்து வீடியோ பிடியுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது.

வீட்டிலேயே மூச்சைச் சோதிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது, செலவே இல்லாத வழி. பூனை நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இயல்பு. 30ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே 40க்கு மேல் போனால் அன்றைக்கே காட்ட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு எக்கி எக்கி இழுத்தால், எண்ணை நம்பாதீர்கள், வயிற்றை நம்புங்கள்.

எண்ணும்போது சில சில்லறைச் சிக்கல்கள் வரும். குர்குர் என்று உறுமிக்கொண்டிருக்கும்போது எண்ண முடியாது. கனவு கண்டு மீசையும் காலும் துடிக்கும்போது மூச்சு தாறுமாறாகத்தான் இருக்கும், அதுவும் கணக்கில் சேராது. விளையாடி முடித்த உடனே, வெயிலில் படுத்துவிட்டு வந்த உடனே எண்ணி பயப்பட வேண்டாம்.

பூனை நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் எண்ணி எழுதிவையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. செவலையின் வழக்கமான எண் 22. அது தெரிந்திருப்பதால்தான் ஒருநாள் 34 வந்தபோது, அது சாப்பிட்டுக்கொண்டும் நடமாடிக்கொண்டும் இருந்தபோதே, தூக்கிக்கொண்டு போக முடிந்தது. பூனை தன் உபாதையைக் கடைசி வரை வெளியே காட்டாது. கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் "கோபமா இருக்கு" என்று நினைப்போம்.

வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. வெயில் காரணமாக இருக்குமோ?

நாய் நாக்கைத் தொங்கவிட்டால் அது உடம்பைக் குளிர்விக்கிறது. பூனைக்கு அந்த வழக்கம் கிடையாது. குட்டிகள் ஓடியாடிக் களைத்தபின் ஒரு நிமிடம் வாய் திறக்கலாம், ஆட்டோ சத்தத்தில் மிரண்ட பூனை திறக்கலாம். இரண்டும் சில நிமிடத்தில் அடங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது அவசரம்.

கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழோ, பூட்டிய அறையிலோ மாட்டிக்கொண்ட பூனைக்கு வெப்பத்தாக்கு வரும். பூனையின் இயல்பான உடல் சூடு சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40.5ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பை ஈரமாக்கி, மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

காலையில் காட்டிக்கொள்ளலாமா?

தும்மல், மூக்கொழுகல், என்றோ ஒரு இருமல், ஆனால் சாப்பிடுகிறது, தூக்கத்தில் எண்ணிக்கை சரி. காலையில் போகலாம்.

வாய் திறந்த மூச்சு, கழுத்தை நீட்டி முழங்கையை அகட்டி உட்கார்ந்தபடியே இருப்பது, பக்கவாட்டில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்காருவது, நெஞ்சும் வயிறும் எதிரெதிராக ஏறி இறங்குவது, ஈறும் நாக்கும் வெளுத்தோ சாம்பலாகவோ நீலமாகவோ மாறுவது. இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நாக்கு நீலமாவது கடைசிக் கட்டம். "நாக்கு இன்னும் சிவப்பாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்படிக் கொண்டுபோவது?

மூச்சுத் திணறும் பூனையை அமுக்கிப் பிடிப்பதே ஆபத்து. துண்டில் இறுக்கிச் சுற்றக் கூடாது, மல்லாக்கப் பிடிக்கக் கூடாது, வாயைத் திறந்து உள்ளே பார்க்கக் கூடாது. மேல்பக்கம் திறக்கும் கூடை இருந்தால் அப்படியே இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் நாலு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். கட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பூனைக்கே அதில் மூச்சு முட்டும். கூடைமேல் மெல்லிய துணியைப் போட்டால் கொஞ்சம் அமைதியாகும், காற்றோட்டம் மட்டும் இருக்கட்டும். மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம், பாட்டு வேண்டாம்.

கிளம்பும் முன் போன் செய்து "பூனைக்கு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் இருக்கா?" என்று கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. சென்னை என்றால், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேப்பேரியில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. "பூனையை மாட்டாஸ்பத்திரிக்கா?" என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராத்திரியில் எங்கே திறந்திருக்கும் என்பதை மட்டும் இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

கொண்டுபோனதும் உடனே எக்ஸ்ரே எடுக்கவில்லையே, ஏன்?

எடுக்காததுதான் நல்லது. திணறும் பூனையைப் படுக்கவைத்துக் கையைக் காலை இழுத்துப் பிடித்தால் மேஜையிலேயே உயிர் போய்விடலாம். முதலில் ஆக்சிஜன், தேவைப்பட்டால் பதற்றம் குறைய லேசான மயக்க ஊசி, கொஞ்ச நேரம் தனியாக விடுவது. நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் அதை எடுத்த சில நிமிடத்தில் பூனை நிம்மதியாக மூச்சு விடும். எடுத்த நீரைப் பார்த்தே பாதி நோய் தெரிந்துவிடும். சீழ் என்றால் சண்டையில் பட்ட பழைய கடி காரணமாக இருக்கலாம். மஞ்சளாகப் பிசுபிசுப்பாக இருந்தால் எஃப்ஐபி என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். முன்பு அதற்கு மருந்தே இல்லை, இப்போது வைரஸ் எதிர்ப்பு மருந்தில் பிழைக்கும் பூனைகள் நிறைய. இதய நோய், புற்றுநோய் காரணமாகவும் நீர் கோக்கும்.

ஆஸ்துமா என்று சொல்லிவிட்டார்கள். இனி காலம் முழுக்க மருந்தா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் சரியாகக் கொடுத்தால் பூனை தன் ஆயுசு முழுக்க நன்றாகவே இருக்கும்.

நோய் இதுதான்: காற்றில் வரும் ஏதோ ஒன்று ஒவ்வாமல் மூச்சுக்குழாய் உள்ளே வீங்கி, கோழை சேர்ந்து, சுற்றியுள்ள தசை இறுகி, குழாய் ஒடுங்குகிறது. உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் இழுப்பு வருகிறது. மனிதர்களுக்கு வரும் அதே இழுப்புதான். பெரும்பாலும் இளம் வயதிலோ நடு வயதிலோ தொடங்கும். சயாமீஸ் வகைக்குக் கொஞ்சம் அதிகம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மருந்து இரண்டு விதம். வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு, தினமும் தர வேண்டியது. இறுகிய குழாயை விரிப்பது சால்பியூட்டமால், திணறல் வரும்போது தருவது. இரண்டாவதை மட்டும் கொடுத்துக் காலம் தள்ள முடியாது. உடனே சுகமாகத் தெரியும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். முதலில் மாத்திரையில் பிரட்னிசலோன் தொடங்கி, பிறகு இன்ஹேலருக்கு மாற்றுவது வழக்கம். இன்ஹேலர் ஸ்டீராய்டு முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மாதம் ஒரு ஊசி போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசிகளை அப்படித் தொடர்ந்து போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் உண்டு. மாத்திரையே வாங்காத பூனைக்கு வேறு வழியில்லாதபோது போடுவார்கள்.

பூனைக்கு இன்ஹேலரா என்று நானும் சிரித்தேன். குழந்தைகளுக்கான ஸ்பேசர் குழாயும் (இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் நடுவே பொருத்துவது) சின்ன மாஸ்க்கும் மெடிக்கலில் கிடைக்கும். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், பூனை 7 முதல் 10 மூச்சு விடும்வரை வைத்திருக்க வேண்டும். செவலைக்கு முதல் வாரம் வெறும் மாஸ்க்கைத் தரையில் போட்டு அதில் கருவாட்டுத் துண்டு வைத்தோம். இரண்டாவது வாரம் முகத்தில் ஒரு விநாடி, உடனே கருவாடு. மூன்றாவது வாரம் மருந்தில்லாமல் குழாயோடு. அந்த "புஸ்" சத்தத்துக்குப் பூனை மிரளும், இன்ஹேலரைத் தள்ளி வைத்து அழுத்திப் பழக்க வேண்டும். இப்போது காலையில் குழாயை எடுத்தாலே தானாக வந்து உட்காருகிறது. அவசரப்பட்டு முதல் நாளே அமுக்கிப் பிடித்திருந்தால் மாஸ்க்கைக் கண்டதும் பரண் ஏறியிருக்கும்.

சாம்பிராணி போடலாமா? கொசுவத்தி?

இருமல் உள்ள பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம். கொசுவத்தி, ஊதுபத்தி, சிகரெட், சாம்பிராணி எல்லாமே புகைதான். கொசுவலை இருக்கிறது, ஜன்னல் வலை இருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொன்னதுதான் இந்த நோயிலேயே பெரிய போராட்டம். கடைசியில் செவலையை மொட்டைமாடி அறைக்கு அனுப்பிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, புகை அடங்கியபின் கூட்டிவருவது என்று சமாதானம் ஆனது. மிளகாய் வறுக்கும்போதும் அதே ஏற்பாடு. கழிப்புத் தட்டில் மணலுக்குப் பதில் தூசி பறக்காத லிட்டர் துகள்கள், வாசனை ஸ்பிரே இல்லாத அறை, கொஞ்சம் மெலிந்த உடம்பு, இவையும் உதவும்.

வீட்டில் இருக்கும் மாத்திரை, தைலம் ஏதாவது கொடுக்கலாமா?

கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். குரோசின், டோலோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது, ஈறு பழுப்பாகிறது, முகமும் பாதமும் வீங்குகின்றன, மூச்சு வாங்குகிறது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம்.

நீலகிரித் தைலம், கற்பூரம், நெஞ்சில் தடவும் களிம்பு எதையும் தடவாதீர்கள். பூனை உடம்பை நக்கும், எல்லாம் வயிற்றுக்குள் போகும். ஆவி பிடிக்கலாம், ஆனால் தைலம் போடாமல்: குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, பத்து நிமிடம் பூனையோடு சும்மா உட்காருங்கள். அதுவும் மூக்கடைப்புக்குத்தான், திணறலுக்கு இல்லை.

தெருவிலிருந்து எடுத்த குட்டி தும்முகிறது, கண்ணில் பீளை. நிமோனியாவா?

பெரும்பாலும் பூனைச் சளி. ஹெர்பிஸ், காலிசி என்ற இரண்டு வைரஸ்கள்தான் முக்கியக் காரணம். மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. பீளையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மத்தி மீனைச் சூடாக்கி மசித்து வையுங்கள். குட்டி ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே டாக்டரிடம் போங்கள். பெரிய பூனை, அதுவும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி நோயாகிவிடும். ஹெர்பிஸ் வந்துபோனாலும் உடம்பிலேயே தங்கும், வீடு மாற்றினால், புதுப் பூனை வந்தால் மறுபடி தும்மல் கிளம்பும். தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும்.

இருமலே இல்லை, ஆனால் மூச்சு வேகமாக இருக்கிறது.

இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இதயம் கெட்ட நாய் இருமும். இதயம் கெட்ட பூனை பெரும்பாலும் இருமாது. இதயத்தசை தடித்துப்போகும் நோய் பூனைகளுக்கு மிகச் சாதாரணம். நேற்று வரை துள்ளிய பூனை இன்றைக்குத் திணறும். தூக்கத்தில் எண்ணுவது இதற்குத்தான் மிகவும் உதவும். திடீரென்று கத்திக்கொண்டு பின்னங்கால்களை இழுத்தால், கால் சில்லிட்டிருந்தால், இதயத்திலிருந்து ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் மொய்த்த குட்டிகளில் பார்க்கலாம்.

மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தது. நடக்கிறது, சாப்பிடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கலாம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். கிழிசல் வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட மூச்சிரைப்பாக வெளிப்படும். பால்கனிக்கு வலை அடியுங்கள்.

பல்லி, எலி தின்றால் நுரையீரலில் புழு வருமா?

வரும். நத்தையில் வளரும் ஒரு புழு, நத்தையைத் தின்ற எலி, பல்லி, குருவி வழியாகப் பூனைக்குள் போகிறது. இருமல் அச்சு அசலாக ஆஸ்துமா போலவே இருக்கும். மலப் பரிசோதனையில் தெரியலாம், புழு மருந்தில் சரியாகும். வேட்டையாடும் பூனை என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

எங்கள் பர்ஷியன் குறட்டை விடுகிறது.

தட்டை முகம், ஊசி நுழையாத மூக்குத் துவாரம். பிறவி அமைப்பு. சாப்பிடும்போதே திணறினால் துவாரத்தைப் பெரிதாக்க அறுவை சிகிச்சை உண்டு. நம் ஊர் வெயிலுக்கு இந்தப் பூனைகளை ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வாங்கியாயிற்று என்றால் மதிய நேரத்தில் குளிர்ந்த அறை கட்டாயம். சாதாரணப் பூனை புதிதாகக் குறட்டை விடத் தொடங்கினால் மூக்கின் பின்புறம் சதை வளர்ந்திருக்கலாம், காட்டுங்கள்.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் நமக்கு இழுப்பு வரும் என்கிறார்களே?

என் மாமியார் இதைச் சொல்லித்தான் முதல் பூனையை வாசலிலேயே நிறுத்தினார். முடியை விழுங்குவதால் ஆஸ்துமா வராது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம் சிலருக்கு ஒவ்வாது. அது முடியிலும் தூசியிலும் ஒட்டிக் காற்றில் பரவும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதனால் கூடலாம். அப்படிப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வதும், படுக்கையறையில் பூனையை விடாமல் இருப்பதும் நல்லது. பூனையின் ஆஸ்துமா நமக்குத் தொற்றாது, பூனைச் சளியின் அந்த இரண்டு வைரஸ்களும் தொற்றாது.

மாமியாருக்கு இருபது வருடமாக இழுப்பு, பூனை வருவதற்கு முன்பிருந்தே. இப்போது அவருக்கும் செவலைக்கும் ஒரே மாதிரி நீலக் குழாய். மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று இரண்டின் மூடியிலும் மார்க்கரால் பெயர் எழுதி வைத்திருக்கிறார், அவரே.